மரியாதைக்குச் சொன்னது

நான் மனேஜர் இல்லை. இந்த ஒரு வசனத்தைத் தொழில் வழக்குகளை விசாரிக்கும் வாரியத்தின் முன்னால், உண்மை பேசுவதாக உறுதியெடுத்து, காலையிலிருந்து பின்னேரம்வரை விதம் விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப் பேர் தங்களை ஏதாவதொன்றுக்கு மனேஜர் என்று காட்டிக்கொள்ளப் படாத பாடு படுகிறார்கள். நான் அது இல்லையென்று வழக்காடினேன். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு வெட்கமும் இல்லை.

நான் வேலை செய்வது ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், ஒரு பொது மருத்துவமனையின் சமையலறையில். அங்கே ஒரு பெல்ட் ஓடும். இரண்டு பக்கமும் நாங்கள் நிற்போம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தட்டு. ஒருவருக்கு உப்பு ஆகாது, ஒருவருக்குச் சீனி ஆகாது, ஒருவருக்கு எல்லாவற்றையும் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். பெல்ட்டின் கடைசியில் நிற்பது நான். தட்டு சரிதானா என்று பார்த்து வண்டிலில் ஏற்றுவேன். பிழையென்றால் பெல்ட்டை நிறுத்திவிட்டுக் கத்துவேன். கத்துவதற்கென்று சம்பளத்தில் எதுவும் சேர்த்துத் தருவதில்லை. அது பிறவிக் குணம்.

என் வேலைக்கு 'லீட்' என்று பெயர். மற்றவர்கள் செய்கிற அதே வேலைதான். கூடவே குளிரறையின் சாவி என் கழுத்தில் தொங்கும், காலையில் யார் எந்த இடத்தில் நிற்பது என்று நான் பிரித்துவிடுவேன். அவ்வளவுதான் வித்தியாசம். ஆளை வேலைக்கு எடுப்பது, நிறுத்துவது, லீவு கொடுப்பது, எச்சரிக்கைக் கடிதம் எழுதுவது எல்லாம் மேல்மாடியில் இருக்கிற மனேஜர். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தட்டு எந்தப் பக்கத்தால் வருகிறது, எந்தப் பக்கத்தால் போகிறது என்று அவருக்குத் தெரியுமோ என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

சமையலறையில் பாதிக்கு மேல் எங்கள் பெண்கள். என்னை 'அன்ரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுப் பிலிப்பைன்ஸ் பெண்களும் சோமாலியாப் பெண்ணும்கூட 'அன்ரி' என்றே பழகிவிட்டார்கள். யாருக்காவது வர முடியாதென்றால் முதலில் எனக்குத்தான் போன் வரும்.

"அன்ரி, நாளைக்கு வரேலாது போலை கிடக்கு. சின்னவனுக்குக் காய்ச்சல்."

"சரி பிள்ளை, நான் பாக்கிறன். மனேஜருக்கும் ஒருக்கா எழுதிவிடு."

அந்தக் கடைசி வசனத்தை எப்போதும் சொல்வேன். ஆனால் ஏதோ சில்லறை வேலையைச் சொல்வதுபோலத்தான் சொல்வேன். வீட்டிலிருந்து வெளியே போகும்போது பெரியவர்களிடம் சொல்லிப்போட்டுப் போகிற பழக்கத்தை நாங்கள் அப்படியே வேலைக்கும் கொண்டுவந்துவிட்டோம். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? மிகவும் பிடித்திருந்தது.

அந்தப் பழக்கத்துக்கு முதல் அடி விழுந்தது ஒரு கோடைகாலத்தில். அடித்தவள் எங்களோடு வேலை செய்த ஒரு தமிழ்ப் பிள்ளைதான். இங்கேயே பிறந்தவள், ரூஜ் பக்கம் வீடு, படிப்பு முடித்து நல்ல வேலை கிடைக்கும்வரை எங்களோடு தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். கை சுறுக்கு, வாய் அதைவிடச் சுறுக்கு. ஒருநாள் வந்து, வாற ஞாயிற்றுக்கிழமை மச்சாள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு, தான் வரமாட்டேன் என்றாள்.

"அண்டைக்கு வேண்டாம் பிள்ளை," என்றேன். "ஏற்கனவே ஆக்கள் காணாது. பின்னேரம் போ, ஹோலிலை பின்னேரம்தானே சாப்பாடு."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அன்றைக்குப் பெல்ட்டில் இடைக்கிடை ஆளில்லாமல் ஓட்டை விழுந்தது. மற்றப் பிள்ளைகள் ஓடி ஓடி இரண்டு இடங்களில் நின்றார்கள். பின்னேரம் சட்டிகள் கழுவ ஆள் இல்லாமல் நானே கழுவினேன். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு தடவை அவளைத் திட்டினேன். அடுத்த நாள் அவள் மருதாணிக் கையோடு வந்து நின்றபோது எல்லோருக்கும் முன்னால் பிடித்துக்கொண்டேன்.

"நான் வேண்டாம் எண்டு சொன்னனானெல்லே? சொல்லச் சொல்லப் போனால் என்ன அர்த்தம்?"

அவள் கையுறை போட்டுக்கொண்டே சொன்னாள், "அன்ரி, நான் உங்களிட்டைப் பெர்மிஷன் கேக்கேல்லை. மனேஜருக்கு ஈமெயில் போட்டனான், ஹி செட் ஓகே. உங்களுக்கு மரியாதைக்குத்தான் சொன்னனான்."

முகத்தில் சுடுதண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது எனக்கு. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. அன்றிலிருந்து நான் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. 'சூப்', 'கரண்டி', 'இந்தத் தட்டு அடுத்த வண்டில்' என்பதோடு சரி. வேறொரு சொல் கிடையாது.

இந்த நிலைமையில்தான் யூனியன் வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது, நாங்கள் கூப்பிட்டோம். கொஞ்சக் காலமாக, வேலைக்கு வந்து நின்ற பிறகு, "இன்றைக்குத் தட்டுகள் குறைவு" என்று சொல்லிப் பாதியில் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். மோர்னிங்சைட்டிலிருந்து குளிரில் பஸ் பிடித்து வந்தவள் அதே பஸ்ஸில் திரும்பிப் போக வேண்டும். சமையலறையையே வெளியாருக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்றும் ஒரு கதை அடிபட்டது. நோயாளிகளுக்குக் கரண்டியும் தட்டும் கொடுக்கிற எங்களுக்கு, எங்கள் பக்கம் நின்று கேட்க ஒரு ஆள் இல்லை. யூனியன் படிவத்தில் கையொப்பம் போடச் சொல்லி முதலில் எல்லோரையும் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. பயந்தவர்களிடம், "பயந்தது காணும், போடு," என்றேன். போட்டார்கள்.

யூனியன் வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. எல்லோருடைய வாக்கையும் எண்ணினார்கள். என்னுடையதை மட்டும் எண்ணாமல் ஒதுக்கி வைத்தார்கள். ஏனென்றால், லீட் என்பவள் நிர்வாகத்தின் ஆள், அவள் தொழிலாளர் கூட்டத்துக்குள் வரமாட்டாள் என்று மருத்துவமனையின் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தது. என் வாக்கு இல்லாமலே யூனியன் நன்றாக வென்றுவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் உள்ளே. நான் மட்டும் வாசலில். உள்ளேயா வெளியேயா என்பதை வாரியம் தீர்மானிக்கும் என்றார்கள்.

ஒதுக்கி வைத்தார்கள் என்ற சொல் எனக்கு அன்றைக்கு முழுக்கக் கொதித்தது. ஊரில் நாங்கள் ஒதுக்கப்பட்டதும் ஒதுங்கி நின்றதும் போதாதென்று, கடல் தாண்டி வந்து, இந்தச் சட்டிக்கும் பெல்ட்டுக்கும் நடுவிலும் ஒதுக்குவார்களா?

மனேஜர் என்னை மேலே கூப்பிட்டார். கோப்பி தந்தார். அத்தனை வருடத்தில் அவர் எனக்குக் கோப்பி தந்தது அதுதான் முதல் தரம். நான் நிர்வாகத்தின் ஓர் அங்கம் என்று அவர்கள் எப்போதும் நினைத்திருந்ததாகச் சொன்னார். கையில் ஒரு புது வெள்ளைக் கோட்டு. நாங்கள் எல்லோரும் போடுவது கருஞ்சிவப்புச் சட்டை. வெள்ளைக் கோட்டு மனேஜர்மார் போடுவது. இனி இதைப் போடலாம், பிள்ளைகள் பிந்தி வந்தால் எச்சரிக்கைக் கடிதத்தையும் நானே எழுதிக் கொடுக்கலாம் என்றார். நான் கோட்டை வாங்கி, அவருடைய கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியிலேயே மாட்டிவிட்டு, "பெல்ட் தொடங்கிற நேரம்," என்று சொல்லிக் கீழே வந்துவிட்டேன். கோப்பியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் கணவருக்குத் துக்கம். அவர் பல வருடமாகக் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் என்னை 'ஹொஸ்பிட்டல் கிச்சின் மனேஜர்' என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"உனக்கென்ன விசரே? அவங்களே மனேஜர் எண்டு சொல்லுறாங்கள். பேசாமல் ஓம் எண்டு சொல்லிப்போட்டு இரு."

"ஓம் எண்டால் நாளைக்கு என்னைப் பாதியிலை வீட்டை அனுப்பினால் ஆர் கேக்கிறது? நீங்கள் வந்து கேப்பியளோ? அந்தப் பிள்ளையளுக்குக் கடுதாசி எழுதிக் குடுக்கிற வேலைக்கு வேறை ஆளைப் பாக்கட்டும்."

"அப்ப நான் கோயிலிலை என்னத்தைச் சொல்லுறது?"

"தட்டு அடுக்கிறாள் எண்டு சொல்லுங்கோ. பொய்யே அது?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

விசாரணைக்கு முன்னால் யூனியனின் வக்கீல் போனில் கதைத்தார். இளம் பெண், பொறுமைசாலி. லீவு யார் கொடுப்பது என்று கேட்டார். மனேஜர் என்றேன். பிறகு வாய் சும்மா இருக்காமல், "ஆனால் எல்லோரும் முதலில் எனக்குத்தான் சொல்வார்கள்," என்றேன். நான் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அது என் கழுத்துக்கே கயிறு என்று அவர் விளக்கிய பிறகுதான் விளங்கியது. மற்றப் பக்கத்து வக்கீல் அதைத்தான் பிடிப்பாராம். என் சொல்லுக்கு அவர்கள் கட்டுப்படுகிறார்கள், ஆகவே நான் அதிகாரி என்பாராம்.

"நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் யாராவது போனதுண்டா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அந்த மருதாணிக் கை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒருத்தி இருக்கிறாள் என்றேன். அவர் துள்ளிக் குதிக்காத குறை. அவளைச் சாட்சியாகக் கூப்பிடலாமா என்று கேட்டார். உலகத்தில் நான் உதவி கேட்க விரும்பாத ஒரே ஆள் அவள்தான்.

அடுத்த நாள் ஷிஃப்ட் முடிந்து பஸ் தரிப்பில் நின்றபோது கேட்டேன். பனி தூறிக்கொண்டிருந்தது. அவள் காதிலிருந்த இயர்போன் ஒன்றை எடுத்துவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். சூப், கரண்டி தவிர நான் வேறு சொற்களும் பேசுவேன் என்பதை மறந்திருப்பாள். விசயத்தைச் சொன்னேன்.

"சோ, நான் உங்கடை சொல்லுக் கேக்காமல் போனதைப் போய்ச் சொல்லோணும்?"

"ஓம்."

"அதுக்குத்தானே அன்ரி நீங்கள் என்னோடை கதைக்கிறேல்லை?"

"ஓம்."

அவள் சிரிக்கவில்லை. தன் பெயரை நிர்வாகம் குறித்து வைத்துக்கொள்ளாதா, நிரந்தர வேலைகூட இன்னும் இல்லையே என்றாள். அது நியாயமான பயம். நான் வற்புறுத்தவில்லை. பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "நான் வாறன். பட் நடந்ததைத்தான் சொல்லுவன். உங்களுக்காக ஒண்டும் கூட்டிச் சொல்ல மாட்டன்," என்றாள்.

"கூட்டிச் சொல்லச் சொல்லி உன்னை ஆர் கேட்டது?" என்று நானும் விடவில்லை.

விசாரணை எல்லாம் இப்போது கணினித் திரையில்தான். எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு சாட்சி சொன்னேன். மிக்ஸியைத் தொடக்கூடாது என்று கணவரை அறைக்குள் அனுப்பினேன். நல்ல சட்டை போடு என்றார். நான் கருஞ்சிவப்புச் சட்டையைத் தோய்த்து, அயன் பண்ணிப் போட்டுக்கொண்டேன். கழுத்தில் சாவியும் இருந்தது. மொழிபெயர்க்க ஆள் தரவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். என் ஆங்கிலத்தில்தான் இத்தனை வருடம் பெல்ட்டை ஓட்டினேன். என் ஆங்கிலமே போதும்.

மருத்துவமனையின் வக்கீல் மிகவும் மரியாதையானவர். லீவு என்றால் முதலில் உங்களுக்குத்தானே சொல்கிறார்கள்? ஆம். சரி என்று சொல்வீர்களா? ஆம். பிழை விட்டால் ஏசுவீர்களா? ஆம், நன்றாக ஏசுவேன். ஏசினால் அவர்கள் என்ன செய்வார்கள்? பேசாமல் நிற்பார்கள். உங்களுக்கு அதிகாரம் இருப்பதால்தானே? இல்லை, நான் அவர்களுடைய அம்மாமாரைவிட வயதில் மூத்தவள் என்பதால். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மிகவும் அன்பாக, "நீங்கள் அடக்கமாகப் பேசுகிறீர்கள். அந்தச் சமையலறையை உண்மையில் நடத்துவது நீங்கள்தானே?" என்றார்.

இத்தனை வருடத்தில் அந்த வசனத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மனேஜர் சொல்லவில்லை, வீட்டில் சொல்லவில்லை. கடைசியில் சொன்னவர், என்னை வெளியே தள்ளுவதற்காகச் சொன்னார். அதை நினைத்ததும் வரப்போன அழுகை போய்க் கோபம் வந்தது. நல்லகாலம்.

"ஆம், நான்தான் நடத்துகிறேன்," என்றேன். "நானும், சூப் ஊற்றுகிறவளும், சட்டி கழுவுகிறவரும் சேர்ந்து நடத்துகிறோம். நடத்துகிறவர்கள் எல்லாம் மனேஜர் என்றால் எங்கள் எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு தாருங்கள். எனக்கு மட்டும் வேண்டாம்."

வாரியத்தின் சார்பில் விசாரித்த அம்மா பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் வக்கீலின் முகத்தில் பயம் தெரிந்தது. நடத்துகிறேன் என்று நானே ஒத்துக்கொண்டுவிட்டேனே. இனி எல்லாம் அந்தப் பிள்ளையின் வாயில்தான்.

என் சாட்சி முடிந்ததால் நான் இருந்து கேட்கலாம் என்றார்கள். அவள் திரையில் வந்தாள். பின்னால் வீட்டுச் சுவர், தலைமயிரை இழுத்துக் கட்டியிருந்தாள். சாமத்திய வீட்டுக் கதையை எங்கள் வக்கீல் கேட்க, அவள் தெளிவாக ஆங்கிலத்தில் சொன்னாள். அன்ரி வேண்டாம் என்றார், நான் போனேன், லீவு தந்தது மனேஜர், அந்த ஈமெயில் இன்னும் இருக்கிறது. பிறகு அந்த வசனம் வந்தது. "நான் அன்ரியிடம் அனுமதி கேட்கவில்லை. மரியாதைக்குத்தான் சொன்னேன்."

அதே சொற்கள். பெல்ட்டில் எல்லோருக்கும் முன்னால் என் முகத்தைச் சுட்ட அதே சொற்கள். இந்தத் தடவை என் கை கழுத்துச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது, இன்னொரு தரம் சொல்லு பிள்ளை என்று மனம் கெஞ்சியது.

மற்ற வக்கீல் விடவில்லை. அவருடைய சொல்லை மீறியதற்கு உங்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று கேட்டார்.

"என்னோடு கதைக்காமல் விட்டுவிட்டார்."

"சம்பளத்தில், ஷிஃப்ட்டில் ஏதாவது குறைந்ததா? கடிதம் ஏதாவது?"

"இல்லை. கதைக்கவில்லை. கோடை முழுக்க, பிறகு குளிர் வரும்வரை." பிறகு சொன்னாள், "கடிதம் என்றால் பரவாயில்லை என்று நினைத்தேன்."

அந்தக் கடைசி வசனம் கூட்டிச் சொன்னதா, நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. திரையில் என் முகமும் ஒரு மூலையில் தெரிகிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முடிவு வந்தது ஒரு வேலை நாளில், மத்தியானத் தட்டுகள் போய்க்கொண்டிருந்த நேரம். வக்கீல் போன் எடுத்துச் சொன்னார். என் சொல்லை ஆட்கள் மதிக்கிறார்கள், ஆனால் யாரும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, ஆகவே லீட் தொழிலாளிதான் என்று எழுதியிருக்கிறார்களாம். நான் உள்ளே. என் வாக்கை இன்றுவரை யாரும் எண்ணவில்லை, தேவைப்படவில்லை. பரவாயில்லை, நான் எதற்குப் போட்டேன் என்று எனக்குத் தெரியும். பெல்ட்டை நிறுத்திச் சொன்னேன். எல்லோரும் கரண்டியால் தட்டில் தட்டினார்கள். பிறகு, சூப் ஆறுகிறது என்று நானே கத்தி, பெல்ட்டை ஓடவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை போனது பிழை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆள் காணாத நாளில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. அதைத் தீர்மானிக்க எந்த வாரியமும் தேவையில்லை.

நிர்வாகம் லேசில் விடவில்லை. தீர்ப்பை மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேட்கப்போவதாகக் கதை வந்தது. அதன் பிறகு மனேஜர் அடிக்கடி கீழே வரத் தொடங்கினார். கையைக் கட்டிக்கொண்டு, வெள்ளைக் கோட்டோடு, குளிரறை வாசலில் நிற்பார். நான் என்ன சொல்கிறேன், யார் எனக்கு என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பார். எங்கள் பெண்கள் அவரைக் கண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். லீவு என்றாலும் எனக்குச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்ற பயம். வென்ற பிறகு அந்தப் போன் வராமல் போனதுதான் எனக்குத் தோல்விபோல இருந்தது.

அப்படி அவர் நின்ற ஒரு காலையில் அந்தப் பிள்ளை கையுறையைக் கழற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். அவர் காதுக்குக் கேட்கிற தூரம்தான்.

"அன்ரி," என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. எல்லோருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னாள். "வருகிற சனிக்கிழமை நான் வரமாட்டேன், மனேஜர் லீவு தந்துவிட்டார். உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

நான் மனேஜரைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். அவரைவிடச் சத்தமான குரல் எனக்கு எப்போதும் உண்டு.

"வேண்டாம்," என்றேன் நானும் ஆங்கிலத்தில். "அன்றைக்கு ஆட்கள் காணாது. போகாதே."

"சரி அன்ரி," என்றாள். பிறகு தமிழில், விடைபெறுவதுபோல, "போட்டு வாறன்."

சனிக்கிழமை அவள் வரவில்லை. சட்டிகளை நான்தான் கழுவினேன். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு தடவை அவளைத் திட்டிக்கொண்டு, பெல்ட் முழுக்கக் கேட்கும்படி, சிரித்துக்கொண்டே கழுவினேன்.